மின்சார வண்டி பஞ்சர் ஆனால் என்ன செய்வது?
சாலையோர உதவியைத் தெரிந்துகொள்வோம்



1989-ல் சர்வதேச வேளாண் வளர்ச்சி நிதியத்தின் உதவியோடு தமிழ்நாட்டில் மகளிர் குழுக்கள் முதன்முதலில் தொடங்கியது அன்றைய தர்மபுரி மாவட்டத்தில்தான். அப்போது கிருஷ்ணகிரியும் ஓசூரும் அந்த மாவட்டத்தோடு சேர்ந்திருந்தன. அன்று குழுக் கடன் பெரும்பாலும் கறவை மாட்டுக்கும் ஆட்டுக்கும் போனது. இன்று வண்டிக்கும் கடன் கேட்கிறோம். அதிலும் மின்சார வண்டி கேட்கிறோம்.

காரணம் நம் ஊரிலேயே இருக்கிறது. ஓசூரில் டி.வி.எஸ். ஐக்யூப் தயாராகிறது. ஏத்தர் 2021-ல் ஓசூரில் தொழிற்சாலை திறந்தது. சூளகிரியில் சிம்பிள் எனர்ஜி இருக்கிறது. போச்சம்பள்ளி ஓலா தொழிற்சாலையை முழுக்கப் பெண்களே நடத்துவார்கள் என்று 2021 செப்டம்பரில் அறிவித்தார்கள். நம் பிள்ளைகள் பலர் இந்த வண்டிகளைச் செய்கிறார்கள். ஆனால் அதே வண்டி நடுரோட்டில் பஞ்சர் ஆகி நின்றால் யாரைக் கூப்பிடறதுன்னு நம்மில் பலருக்குத் தெரியாது. இந்த மாதப் பாடம் அதைப் பற்றியது.

மின் காரில் என்ன வித்தியாசம்?

காற்று போவது எல்லா வண்டிக்கும் ஒன்றுதான். அதற்குப் பிறகு செய்வதில் மூன்று வித்தியாசம் உண்டு.

1. ஸ்டெப்னி இருக்காது: பல மின் கார்களில் ஸ்டெப்னி டயர் கொடுப்பதில்லை. அதற்குப் பதிலாகச் சின்னக் காற்றடிக்கும் மெஷினும், ஓட்டையை அடைக்கும் திரவமும் உள்ள ஒரு கிட் கொடுப்பார்கள். ஆணி குத்திய சிறு ஓட்டைக்கு அது போதும். டயரின் பக்கவாட்டில் கிழிந்தால் உதவாது. திரவம் ஊற்றிய பிறகு மெதுவாக ஓட்டி அருகில் உள்ள பஞ்சர் கடைக்குப் போக வேண்டும். திரவம் போட்டதைக் கடைக்காரரிடம் சொல்லிவிட வேண்டும். இது தற்காலிக வைத்தியம்தான்.

2. ஜாக்கி வைக்கும் இடம்: மின் காரில் பேட்டரி வண்டியின் அடியில் பரந்து கிடக்கும். கண்ட இடத்தில் ஜாக்கி வைத்துத் தூக்கினால் பேட்டரி நசுங்கும். கம்பெனி குறித்துள்ள இடத்தில் மட்டும்தான் வைக்க வேண்டும். ஆரஞ்சு நிற ஒயர் தெரிந்தால் அது அதிக மின்சாரம் போகும் ஒயர். அதில் கை வைக்கவே கூடாது.

3. கயிறு கட்டி இழுக்கக் கூடாது: இதுதான் மிக முக்கியம். பழைய சைக்கிள் டைனமோ ஞாபகம் இருக்கா? சக்கரம் சுற்றினால் விளக்கு எரியும். மின் காரின் மோட்டாரும் அப்படித்தான். மோட்டாரோடு சேர்ந்த சக்கரம் தரையில் உருண்டால் மோட்டார் மின்சாரம் உண்டாக்கும். டிராக்டரில் கட்டி வெகுதூரம் இழுத்தால் மோட்டாரும் அதைச் சேர்ந்த கருவிகளும் சூடாகிக் கெட்டுப்போகலாம். தவறாக இழுத்ததால் கெட்டது என்று சொல்லி வாரண்டியும் மறுக்கப்படலாம். ஒரு பஞ்சர் செலவு, மோட்டார் செலவாக மாறிவிடும். அதனால் நான்கு சக்கரமும் மேலே ஏறி நிற்கும் மட்டப்பலகை லாரியில்தான் ஏற்றிப் போக வேண்டும்.

சாலையோர உதவி என்றால் என்ன?

வண்டி வழியில் நின்றால் ஆள் அனுப்பிச் சரி செய்வது, முடியாவிட்டால் வண்டியை ஏற்றிச் சேர்ப்பது, இதுதான் சாலையோர உதவி. 'ரோடு சைடு அசிஸ்டன்ஸ்' என்பார்கள். இது மூன்று வழியில் கிடைக்கும்.

வண்டிக் கம்பெனி: புது வண்டியோடு சில காலத்துக்குத் தருவார்கள், அல்லது தனியாகப் பணம் கட்டி வாங்கலாம். முடியும் தேதியைப் பார்த்து வைக்க வேண்டும்.

இன்சூரன்ஸ்: இதில்தான் பலர் ஏமாந்துபோகிறார்கள். 2018 செப்டம்பர் முதல் புதிய இரு சக்கர வண்டிக்கு 5 வருடம், காருக்கு 3 வருடம் மூன்றாம் நபர் இன்சூரன்ஸ் கட்டாயம். "அஞ்சு வருஷம் இன்சூரன்ஸ் இருக்கே" என்று நாம் நிம்மதியாக இருக்கிறோம். அது நம் வண்டியால் அடுத்தவருக்கு ஏற்படும் பாதிப்புக்கு மட்டும்தான். நம் வண்டிச் சேதத்துக்குத் தனி பாலிசி வேண்டும். சாலையோர உதவி அதோடு கூடுதலாகச் சேர்த்து வாங்குவது. பாலிசித் தாளில் அந்தப் பெயர் இருந்தால்தான் உண்டு.

நெடுஞ்சாலை உதவி 1033: தேசிய நெடுஞ்சாலையில் நின்றுவிட்டால் இந்த எண்ணை 24 மணி நேரமும் அழைக்கலாம். ரோந்து வண்டி, கிரேன், ஆம்புலன்ஸ் வரும். ஓசூர், சூளகிரி, கிருஷ்ணகிரி வழியாகப் போகும் 44-ம் எண் சாலைக்கு இது பொருந்தும். கிராமச் சாலைக்குப் பொருந்தாது. கிரேன் வந்தாலும் "இது மின்சாரக் கார், சக்கரம் உருளக் கூடாது" என்று நாம்தான் சொல்ல வேண்டும்.

வண்டி நின்றதும் செய்ய வேண்டியவை

இரவு 10 மணி, சூளகிரி தாண்டி வருகிறோம், டயர் உட்கார்ந்துவிட்டது என்று வைத்துக்கொள்வோம்.

• பிரேக்கை அழுத்திப் பிடிக்காமல், வேகத்தைக் குறைத்து இடது ஓரம் ஒதுங்குங்கள். காற்றில்லாமல் ஓட்டிக்கொண்டே போனால் டயரோடு ரிம்மும் போய்விடும்.
• நான்கு இண்டிகேட்டரையும் எரியவிடுங்கள். ஹேண்ட் பிரேக் போடுங்கள்.
• சிவப்பு முக்கோணப் பலகையை வண்டிக்குப் பின்னால் சுமார் 50 மீட்டர் தள்ளி வையுங்கள்.
• பிள்ளைகளை இறக்கி, சாலைத் தடுப்புக்கு அந்தப் பக்கம் நில்லுங்கள். லாரி போகும் ரோட்டில் வண்டிக்குப் பின்னால் நிற்கவே வேண்டாம்.
• வீட்டுக்கும் குழுவில் ஒருவருக்கும் இடத்தைச் சொல்லுங்கள்.
• ஆபத்து என்று தோன்றினால் தயங்காமல் 112. அடிபட்டால் 108.

போனில் சொல்ல வேண்டிய ஐந்து விஷயம்

1. வண்டி எண், பாலிசி எண்.
2. இடம். சாலையோரக் கிலோமீட்டர் கல்லில் உள்ள எண், போகும் திசை, அருகில் உள்ள டோல்கேட் அல்லது பெட்ரோல் பங்க். போனில் லொகேஷனும் அனுப்பலாம்.
3. எந்த டயர், ஸ்டெப்னி இருக்கா இல்லையா.
4. "மின்சார வண்டி. ஏற்றிப் போவதானால் மட்டப்பலகை லாரி அனுப்புங்க."
5. பெண்கள், பிள்ளைகள் மட்டும் இருக்கிறோம் என்றால் அதையும் சொல்லுங்கள்.

எதிர்முனையில் இந்தியோ ஆங்கிலமோ பேசினால் போனை வைத்துவிடாதீர்கள். "தமிழ்ல பேசறவங்களைக் குடுங்க" என்று கேளுங்கள். புகார் எண், வரும் ஆளின் பெயர், போன் நம்பர், வர ஆகும் நேரம் இவற்றைக் கேட்டுக் குறித்துக்கொள்ளுங்கள். வந்தவர் அவர்தானா என்று பார்த்த பிறகே சாவியைக் கொடுங்கள்.

ஜூஜூவாடி தாண்டி அத்திப்பள்ளி, பொம்மசந்திரா பக்கம் வேலைக்குப் போகிறவர்கள் நம்மில் உண்டு. கர்நாடகத்திலும் இந்த உதவி கிடைக்குமா, எத்தனை கிலோமீட்டர் வரை இலவசம், வருடத்துக்கு எத்தனை முறை என்பதை வாங்கும்போதே கேட்டுவிடுங்கள். ஆள் வருவது இலவசமாக இருந்தாலும், புது டயர் விலை நம்முடையதாகத்தான் இருக்கும்.

போலி நம்பர், ஜாக்கிரதை

அவசரத்தில் கூகுளில் தேடி, முதலில் வரும் 'கஸ்டமர் கேர்' எண்ணைக் கூப்பிடாதீர்கள். அதில் மோசடி எண்களும் இருக்கும். பாலிசித் தாளிலும் வண்டியின் கையேட்டிலும் உள்ள எண்ணே சரி. "பத்து ரூபாய் அனுப்புங்க, ஓ.டி.பி. சொல்லுங்க, இந்த ஆப்பை ஏத்துங்க" என்றால் உடனே போனைத் துண்டியுங்கள். பணம் போய்விட்டால் நேரம் கடத்தாமல் 1930-க்குப் புகார் சொல்லுங்கள்.

ஸ்கூட்டர் வைத்திருப்பவர்களுக்கு

மின் ஸ்கூட்டர் நூறு கிலோவுக்கு மேல் இருக்கும். தனியாக வெகுதூரம் தள்ள முடியாது. டியூப்லெஸ் டயரில் ஆணி ஏறினால் அதைப் பிடுங்காதீர்கள். பிடுங்கினால் காற்று சட்டென்று இறங்கிவிடும். இந்தப் பஞ்சரைச் சக்கரம் கழற்றாமலே ஒட்டலாம், சாதாரணப் பஞ்சர் கடையே போதும். ஆனால் ஐக்யூப் போன்ற வண்டிகளில் பின் சக்கரத்துக்குள்ளேயே மோட்டார் இருக்கிறது. சக்கரத்தைக் கழற்ற வேண்டி வந்தால் ஒயர் தெரிந்த மெக்கானிக்கிடம்தான் கொடுக்க வேண்டும்.

வாரம் ஒரு முறை காற்று பார்த்தால், பாதித் தொல்லை வராது.

குழுக் கூட்டத்தில் பேச

• நம் குழுவில் யார் யாரிடம் மின் வண்டி இருக்கிறது? அவர்கள் பாலிசியில் சாலையோர உதவி உண்டா? அடுத்த கூட்டத்துக்குத் தாளைக் கொண்டுவந்து எல்லோரும் சேர்ந்து படியுங்கள்.
• 1033, 112, 108, 1930, இன்சூரன்ஸ் எண், கம்பெனி எண் ஆறையும் ஒரு அட்டையில் எழுதி வண்டியிலும் வீட்டிலும் வையுங்கள். போன் சார்ஜ் தீர்ந்தாலும் அட்டை இருக்கும்.
• வண்டிக் கடன் கொடுக்கும்போது இன்சூரன்ஸ் தாளைப் பார்த்த பிறகே கொடுப்பது என்று தீர்மான நோட்டில் எழுதலாமா? பேசி முடிவு செய்யுங்கள்.

வண்டி கெட்டு வீட்டில் நின்றால் வேலைக்குப் போவது தடைபடும். வேலை தடைபட்டால் தவணை தடைபடும். அந்தத் தவணை குழுவில் எல்லோருடைய பணம். அதனால் இதை வண்டி வைத்திருப்பவர்கள் மட்டுமல்ல, நாம் எல்லோரும் தெரிந்துகொள்வது நல்லது.