பஞ்சுத் தூசிக்கும் பயப்படு, தம்பி

2025 ஜனவரி 3-ஆம் தேதி விடியக்காலையில கோயம்புத்தூர் அவிநாசி ரோடு மேம்பாலத்துல கேஸ் டேங்கர் கவிழ்ந்தப்ப, பக்கத்துப் பள்ளிக்கூடத்துக்கெல்லாம் லீவு விட்டுட்டாங்க. கேஸுன்னா ஊரே ஒதுங்குது. அவிநாசியில கழிவுப் பஞ்சுல நூல் ஓட்டுற ஓ.இ. (ஓபன் எண்ட்) மில்லுல சேர்ந்திருக்கிற நீ, தலைக்கு மேல படிஞ்சு கிடக்கிற தூசியைப் பார்த்து என்னைக்காச்சும் ஒதுங்கினியா கண்ணு?

1987 மார்ச்சுல சீனாவுல, ஹார்பின் ஊர் லினன் மில்லுல தூசி வெடிச்சு 58 பேர் செத்தாங்க. கிடக்கிற தூசி எரியும், அவ்வளவுதான். அதுவே காத்துல பறந்து, அடைச்ச இடத்துல பொறி பட்டா வெடிக்கும். முதல் வெடி சின்னதா இருக்கும். அந்த அதிர்ச்சியில பீம் மேல, டக்டுக்குள்ள இருக்கிறதெல்லாம் கிளம்பும். ரெண்டாவது வெடிதான் கட்டடத்தைச் சாய்க்கும். நீள இழைப் பஞ்சு குபீர்னு பத்திப் பரவும். வெடிக்கிற குணம் அதிகமா இருக்கிறது ஃபில்டர்ல சேர்ற மாவுத் தூசிக்குத்தான். அதுக்கோசரம் ஃபில்டர் ரூமை முதல்ல பாரு.

ஷிப்ட் முடியறப்ப ஏர் பைப்பை எடுத்து மெஷின் மேல அடிக்கிறீங்களே, அதை விடு. படிஞ்சதை நீயே பறக்கவிடுற. வேக்குவம் கேளு, இல்லைன்னா ஈரத்துணி. ஏர் அடிச்சே ஆகணும்னா மெயினை ஆஃப் பண்ணி, மோட்டார் ஆறின பிறகு கொஞ்சமா அடி.

கழிவுப் பஞ்சுல ஆணி, பிளேடு, பேல் கம்பி எல்லாம் வரும். பஞ்சைப் பிரிச்சுச் சுத்தம் பண்ற புளோரூம் காந்தத்தை ஷிப்டுக்கு ஒருக்கா துடை. மெட்டல் டிடெக்டர் சும்மா கத்துதுன்னு ஆஃப் பண்ணி வைக்கிறவன் பக்கத்துல நிக்காதே. பேரிங் சூடானா, போச்சாதுன்னு விடாம உடனே சொல்லு.

வெல்டிங்னா முதல்ல தூசியை எடு, டக்ட் வாயை மூடு, முடிஞ்ச பிறகும் அரை மணி நேரம் ஆளை நிறுத்து.

‘ஃபிளேம்ப்ரூஃப் மோட்டார் போட்டாச்சு’ம்பாங்க. அது கேஸுக்கு. தூசி இருக்கிற இடத்துக்குத் தூசி புகாததுன்னு சான்று வாங்கினது வேணும். ரெண்டுலயும் ஒரு போல்ட் குறைஞ்சா அந்தப் பாதுகாப்பு போச்சு.

தீப் பிடிச்சா உறிஞ்சு ஃபேனை நிறுத்து. தூசிக் குவியல் மேல தண்ணியைப் பீய்ச்சாதே, கிளப்பிவிடும், தூறலா தெளி. கையை மீறினா 101-க்கு அடிச்சுட்டு வெளிய வந்துடு.

சூப்பர்வைசர் காதுல போட்டுக்கலைன்னா தொழிலகப் பாதுகாப்பு மற்றும் சுகாதார இயக்ககத்துக்கு எழுது. வேலை போயிரும்னு பயமா இருந்தா அக்காகிட்ட சொல்லு, நான் எழுதறேன்.