தோட்டாவுக்குத் தட்டுப்பாடா?

அமெரிக்காவில் 2013-இலும் 2020-இலும் கடைகளில் தோட்டா அலமாரிகள் காலியாகின. பயத்தில் எல்லோரும் ஒரே நேரத்தில் வாங்கிக் குவிக்க, ஆலைகளால் ஈடுகொடுக்க முடியவில்லை. பொழுதுபோக்காகக் குறி சுடுபவர்கள் அப்படிப்பட்ட நாட்களில் என்ன செய்யலாம்?

✦ தோட்டா இல்லாமலேயே பழகுங்கள். நிற்கும் நிலை, மூச்சு, விசையை அசங்காமல் அழுத்துவது எல்லாம் இதில்தான் படியும். ஒலிம்பிக் வீரர்களும் இப்படிப் பயில்கிறார்கள். தோட்டாக்களை வேறு அறையில் வைத்துவிட்டு, துப்பாக்கி காலிதானா என்று இருமுறை பாருங்கள். அதன் பிறகும் ஆளில்லாத, உறுதியான சுவர்ப் பக்கமே குறி வையுங்கள். .22 துப்பாக்கி என்றால் டம்மி தோட்டா போடுவது நல்லது. வெறுமையாக அடித்தால் சில மாடல்களில் ஊசி கெட்டுவிடும்.

✦ 4.5 மி.மீ. ஏர் ரைபிளுக்கு மாறலாம். குண்டு மலிவு. பத்து மீட்டரில் குறி தவறினால் சாக்குச் சொல்ல முடியாது!

✦ சுடுதளத்தில் குறைவாகச் சுட்டு, ஒவ்வொன்றையும் குறித்து வையுங்கள். சடசடவென்று சுட்டுத் தீர்ப்பது சத்தத்துக்குத்தான் உதவும்.

✦ கைவசம் உள்ளதை ஈரமும் வெயிலும் படாமல் பூட்டி வையுங்கள்.

✦ யாரோ வீட்டில் நிரப்பிய தோட்டாவை வாங்காதீர்கள். மருந்து கூடியிருந்தால் துப்பாக்கியே வெடிக்கலாம். .223 துப்பாக்கியில் 5.56 தோட்டாவைப் போடுவதும் ஆபத்து.

கடையில் சரக்கு வந்தால் தேவைக்கு மட்டும் வாங்கி, மற்றவருக்கும் விட்டுவையுங்கள்.