மாடிக்கு ஒரு வெள்ளைச் சட்டை

மாணவ நண்பர்களே, இந்தக் கோடை விடுமுறையில் ஒரு சிறு சோதனை செய்து பாருங்கள். உங்கள் வீடு கான்கிரீட் வீடா? மொட்டை மாடிக்கு நேர் கீழே ஓர் அறை இருக்கிறதா? பகல் பன்னிரண்டு மணிக்கு அந்த அறைக்குள் சென்று, மின்விசிறியை நிறுத்திவிட்டு, ஓர் உறுதியான முக்காலியின் மேல் ஏறி, தளத்தின் அடிப்பக்கத்தை உள்ளங்கையால் தொடுங்கள். இரவு ஒன்பது மணிக்கு மறுபடியும் தொடுங்கள். சூரியன் மறைந்து இரண்டரை மணி நேரம் ஆகியிருக்கும். வெளியே திண்ணையில் லேசாகக் காற்றுகூட வீசும். ஆனால் தளமோ நண்பகலில் இருந்ததைவிட அதிகச் சூடாக இருக்கும்.

சூரியன் போன பிறகு சூடு எங்கிருந்து வந்தது?

இந்தக் கேள்வி எனக்குப் பாடப் புத்தகத்திலிருந்து வரவில்லை. திருச்சியில் எங்கள் வீட்டு மாடியில் இரண்டு அறைகள் உண்டு. ஒன்றில் எழுபது வயதைத் தாண்டிய என் அம்மா படுத்துக்கொள்வார். சில ஆண்டுகளுக்கு முன் ஒரு மே மாதத்தில், நள்ளிரவில் எழுந்து பார்த்தபோது அவர் அறையில் இல்லை. கீழே வந்து, வாசல் சிமெண்டுத் தரையில் ஈரத் துண்டை விரித்துப் படுத்திருந்தார். "ஃபேன் போட்டா அனலைத்தாண்டா இறக்குது" என்றார். வெப்பவியல் நடத்துகிற ஆசிரியனுக்கு இதைவிட வேறு என்ன சொல்ல வேண்டும்?

மறுநாள் ஒரு தாளில் கணக்குப் போட்டேன். அறையின் அளவு 3 மீட்டருக்கு 4 மீட்டர். பரப்பு 12 சதுர மீட்டர். தளத்தின் கனம் 12 சென்டிமீட்டர் எனக் கொள்வோம். ஒரு கன மீட்டர் கான்கிரீட் ஏறத்தாழ 2400 கிலோ எடை உள்ளது. ஆகவே அம்மாவின் தலைக்கு மேல் இருக்கும் தளத்தின் எடை சுமார் மூன்றரை டன்! ஒரு கிலோ கான்கிரீட்டின் வெப்பநிலை 1 டிகிரி உயர 0.88 கிலோஜூல் வெப்பம் தேவை. முழுத் தளமும் 1 டிகிரி உயர 3000 கிலோஜூல் ஆகும். மாலையில் உச்சத்தில் இருக்கும் தளம் விடிவதற்குள் 12 டிகிரி ஆறுகிறது என்றால், அது வெளியே விடும் வெப்பம் 36,000 கிலோஜூல். இதை மின்சாரக் கணக்கில் சொன்னால் 10 யூனிட். அதாவது, 1000 வாட் ஹீட்டர் ஒன்றைப் பத்து மணி நேரம் எரியவிட்டதற்குச் சமம். இதில் ஒரு பகுதி வானத்தை நோக்கி மேலே போகும். மற்றது கீழே, கட்டிலில் படுத்திருப்பவர்மேல் இறங்கும்.

தாமதம் ஏன் என்பதும் இப்போது விளங்கும். கான்கிரீட் வெப்பத்தை மெதுவாகவே கடத்தும். மேற்பரப்பில் பகல் ஒரு மணிக்கு, இரண்டு மணிக்கு ஏற்படும் உச்ச வெப்பம் 12 சென்டிமீட்டரைக் கடந்து அடிப்பக்கத்தை எட்ட மூன்று, மூன்றரை மணி நேரம் பிடிக்கிறது. தளத்தின் மேல் செங்கல் ஜல்லியும் சுண்ணாம்பும் போட்டுத் தட்டோடு பதித்திருந்தால் இன்னும் தாமதமாகும். பகல் முழுவதும் வாங்கி வைத்த கடனைத் தளம் இரவில்தான் திருப்பிக் கொடுக்கிறது.

நான் முதலில் செய்தது எல்லோரும் செய்வதுதான். மாலை ஆறு மணிக்கு மாடியில் வாளி வாளியாகத் தண்ணீர் ஊற்றினேன். இதற்கும் கணக்கு உண்டு. ஒரு லிட்டர் நீர் ஆவியாக ஏறத்தாழ 2400 கிலோஜூல் வேண்டும். 36,000 கிலோஜூலை எடுத்துச் செல்லப் பதினைந்து லிட்டர், அதாவது ஒரு வாளி நீர் போதும்! கணக்கு அழகாகத்தான் இருக்கிறது. ஆனால் நான் எட்டு வாளி ஊற்றியும் அம்மா கீழேதான் இறங்கி வந்தார். காரணம் என்ன? ஊற்றிய நீரில் பெரும்பகுதி ஆவியாகாமல் குழாய் வழியாக ஓடிவிட்டது. எஞ்சியது மேற்பரப்பை மட்டும் குளிர்வித்துவிட்டுச் சில நிமிடங்களில் காய்ந்தது. உள்ளே புதைந்திருந்த வெப்பமோ மேலே வர மணிக்கணக்கில் ஆகும். அது வரும்போது மேலே தண்ணீர் இல்லை. போதாக்குறைக்கு, ஒரு விரிசல் வழியாக நீர் இறங்கிச் சுவரில் ஓதம் காத்தது. கோடையில் குடிநீருக்கே வரிசையில் நிற்கும் தெருவில் எட்டு வாளித் தண்ணீரை மாடியில் கொட்டுவதும் மனத்துக்கு ஒப்பவில்லை.

ஆகவே கேள்வியை மாற்றிக்கொண்டேன். உள்ளே புகுந்த வெப்பத்தை எப்படி விரட்டுவது என்பதை விட்டுவிட்டு, அதைப் புகவிடாமல் தடுப்பது எப்படி என்று யோசித்தேன்.

நம் ஊர்களில் ஏப்ரல் மாதத்தின் பிற்பாதியில் நண்பகல் சூரியன் தலைக்கு நேர் மேலே வருகிறது. மதுரை, திருச்சிக்கு மூன்றாவது வாரம். சென்னைக்கு அதற்குச் சில நாள் பின்னர். அந்த நாளில் நண்பகலில் நட்டு வைத்த குச்சிக்கு நிழலே விழாது. அப்போது சுவர்களின்மேல் நேர் வெயில் ஏறக்குறைய படுவதில்லை. எல்லாம் மொட்டை மாடியின்மேல்தான். ஒவ்வொரு சதுர மீட்டரிலும் சுமார் 1000 வாட் கதிரவன் ஆற்றல் கொட்டுகிறது. பாசி படிந்து கறுத்த பழைய சிமெண்டுத் தளம் இதில் ஏறத்தாழ 700 வாட்டை விழுங்கிவிடும். புதிதாகச் சுண்ணாம்பு அடித்த தளம் ஐந்தில் நான்கு பங்கைத் திருப்பி அனுப்பிவிட்டு 200 வாட்டை மட்டுமே ஏற்கும். நம் 12 சதுர மீட்டருக்கு 8400 வாட் எங்கே, 2400 வாட் எங்கே! காசைச் செலவழிப்பதானால் சுவருக்கு அல்ல, மாடிக்குத்தான் செலவழிக்க வேண்டும் என்பது இதிலிருந்து தெரிகிறது.

சுண்ணாம்புக்கு இந்த வெண்மை எப்படி வந்தது? நீர்த்த சுண்ணாம்பு என்பது கால்சியம் ஹைட்ராக்சைடு. பூசிய பிறகு அது காற்றிலுள்ள கார்பன் டை ஆக்சைடுடன் சேர்ந்து, சில நாட்களில் கால்சியம் கார்பனேட்டாக இறுகுகிறது. இதன் துகள்கள் கண்ணாடித் தூள்போல நிறமற்றவை. ஆனால் துகளின் ஒளிவிலகல் எண் சுமார் 1.6, இடையிலுள்ள காற்றினுடையது 1. இந்த வேறுபாட்டால் ஒளி ஒவ்வொரு துகளிலும் வளைந்து, திரும்பி, சிதறி, கடைசியில் வந்த வழியே வெளியேறுகிறது. எல்லா நிறங்களும் ஒன்றுபோலச் சிதறுவதால் வெண்மையாகத் தெரிகிறது. ஈரமாக இருக்கும்போது இடைவெளிகளில் காற்றுக்குப் பதில் நீர் இருக்கிறது. நீரின் ஒளிவிலகல் எண் 1.33, வேறுபாடு குறைவு, சிதறலும் குறைவு. அதனால்தான் சுண்ணாம்பு அடித்தவுடன் மங்கலாகத் தெரிகிறது. காய்ந்த பிறகு பளீரென்று வெளுக்கிறது. முதல் கை அடித்ததும் "ஒன்றும் ஏறவில்லையே" என்று கவலைப்பட்டு மேலும் மேலும் பூசிவிடாதீர்கள்.

இதே கால்சியம் கார்பனேட் துகள்களைக் கொண்டு அமெரிக்காவின் பர்டூ பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 2020-இல் 95.5 விழுக்காடு வெயிலைத் திருப்பும் பூச்சு ஒன்றை உருவாக்கினார்கள். மறு ஆண்டில் பேரியம் சல்பேட்டைப் பயன்படுத்தி 98.1 விழுக்காட்டை எட்டினார்கள். நம் சுண்ணாம்பு அந்த அளவுக்குப் போகாது. ஆனால் அது பக்கத்துக் கடையிலேயே கிடைக்கிறது.

இங்கே ஓர் ஐயம் எழலாம். வெள்ளையைவிடப் பளபளக்கும் வெள்ளிப் பூச்சு மேலும் நன்றாகத் திருப்பி அனுப்பாதா? அலுமினியப் பெயிண்ட் அடிக்கும்படி எனக்கும் ஒருவர் யோசனை சொன்னார். வெயிலில் கிடந்த எவர்சில்வர் தட்டைத் தொட்டுப் பார்த்திருக்கிறீர்களா? கை பொசுங்கும். தளம் குளிர வேண்டுமானால் வெயிலைத் திருப்பினால் மட்டும் போதாது. தன்னிடம் உள்ள வெப்பத்தை அகச்சிவப்புக் கதிர்களாக வீசி எறியவும் வேண்டும். உலோகப் பரப்புகள் இதில் கஞ்சர்கள். சுண்ணாம்போ கண்ணுக்குத் தெரியும் ஒளியில் வெள்ளை. 10 மைக்ரான் அலைநீளமுள்ள அகச்சிவப்பில் அது ஏறத்தாழ கருப்பு! பகலில் வெயிலைத் தள்ளிவிட்டு, இரவும் பகலும் வானத்தை நோக்கி வெப்பத்தைக் கதிர்வீசும். ஒரே பொருளுக்கு இந்த இரு குணங்களும் வாய்த்திருப்பது நமக்குக் கிடைத்த லாபம்.

இனி வேலைக்கு வருவோம். அம்மா அறையின் மேலே மட்டும் சுண்ணாம்பு அடித்தோம். பக்கத்து அறையின் மேலே வேண்டுமென்றே அடிக்கவில்லை. இரண்டும் வெள்ளையானால் எதனுடன் ஒப்பிடுவது?

பத்துக் கிலோ நீர்த்த சுண்ணாம்புத் தூள், இருபது லிட்டர் நீர், அரைக் கிலோ ஃபெவிகால். பழைய கொத்தனார்கள் ஒட்டுவதற்குக் கஞ்சித் தண்ணீர் ஊற்றுவார்கள், அதுவும் சரிதான். முதல் நாள் மாலையே கரைத்து, துணியில் வடிகட்டி, மூடி வைத்தோம். மறுநாள் விடியலில் மாடியைத் தேய்த்துக் கழுவிப் பாசியை நீக்கினோம். இந்த வேலைதான் பாதி வேலை. பாசியின்மேல் அடித்த சுண்ணாம்பு பாசியுடன் உரிந்து வந்துவிடும். தளம் ஈரமாக இருக்கும்போதே மட்டையால் முதல் கை அடித்தோம். காய்ந்த தளம் நீரை உறிஞ்சிவிட்டால் சுண்ணாம்பு இறுகாமல் பொடியாக உதிரும். உதவிக்கு வந்த கொத்தனார், "சார், ஒரு கை காயாம அடுத்த கை போடாதீங்க, அப்பளமா எந்திரிச்சிடும்" என்றார். மூன்று கைகளுக்கு இரண்டு நாள் ஆயிற்று. சுவருக்கு அடிப்பதுபோல் நீலம் கலக்க வேண்டாம். நீலம் மஞ்சள் ஒளியை விழுங்கித்தான் வெண்மைபோலக் காட்டுகிறது. மாடிக்குக் கண்ணழகு தேவையில்லை. மொத்தச் செலவு, நாங்கள் நால்வரும் ஒரு சினிமாவுக்குப் போய்வந்தால் ஆகியிருக்கும் தொகைகூட இல்லை.

இதைப் பெரியவர்களுடன் சேர்ந்துதான் செய்ய வேண்டும். நான் ஆசிரியன் என்ற முறையில் இதில் கண்டிப்பாகவே இருப்பேன். சுட்ட சுண்ணாம்புக் கட்டியை வாங்கி நீங்களே நீற்ற முயலாதீர்கள். நீர் பட்டதும் கொதித்துத் தெறிக்கும். நீர்த்த சுண்ணாம்பும் கண்ணில் பட்டால் பார்வையையே கெடுக்கும். கண்ணாடியும் ரப்பர் கையுறையும் அவசியம். கண்ணில் பட்டுவிட்டால் உடனே ஓடும் நீரில் கால் மணி நேரமாவது கழுவிக்கொண்டேயிருந்து, பிறகு மருத்துவரிடம் ஓடுங்கள். மாடி விளிம்பை நோக்கிப் பின்பக்கமாக நகர்ந்துகொண்டே பூசுவது கூடாது. ஆஸ்பெஸ்டாஸ் கூரைமீதும் தகரக் கூரைமீதும் ஏறவே ஏறாதீர்கள்.

பலன் என்ன? ஒரு மே மாதப் பிற்பகல் இரண்டு மணிக்கு, கல்லூரி ஆய்வகத்திலிருந்து கொண்டுவந்த அகச்சிவப்பு வெப்பமானியால் அளந்தேன். சும்மா விட்ட தளம் 57 டிகிரி. வெள்ளைத் தளம் 43. இரவு ஒன்பது மணிக்கு அடிப்பக்கம் ஒன்றில் 39, மற்றதில் 34.5. ஆனால் அறைக் காற்றின் வேறுபாடு 3 டிகிரிக்கும் கொஞ்சம் குறைவுதான். "இவ்வளவுதானா?" என்றான் என் மகன். காற்று சன்னல் வழியாக வெளியிலிருந்து வருவது. அதை நம் சுண்ணாம்பு ஒன்றும் செய்ய முடியாது. ஆனால் கட்டிலில் படுத்திருப்பவரின் உடல் காற்றோடு மட்டும் வெப்பத்தைப் பரிமாறிக்கொள்வதில்லை. எதிரே விரிந்திருக்கும் தளத்தின் கதிர்வீச்சையும் வாங்கிக்கொள்கிறது. அந்தக் கதிர்வீச்சு குறைந்தது வெப்பமானியைவிட அம்மாவுக்கு நன்றாகத் தெரிந்தது. அந்தக் கோடையில் அவர் கீழே இறங்கி வரவில்லை.

வயதானவர்களுக்கும் கைக்குழந்தைகளுக்கும் இது வெறும் சுகத்தைப் பற்றிய பேச்சன்று. பகல் வெயிலில் களைத்த உடல் இரவில் ஆறவேண்டும். ஆறாவிட்டால் உயிருக்கே ஆபத்து. 2010 மே மாதம் அகமதாபாத்தில் அடித்த கடும் வெப்ப அலையில் ஏராளமானோர் இறந்தார்கள். அதன் பின்னர் 2013-இல் அந்நகரம் வெப்பச் செயல்திட்டம் ஒன்றை வகுத்தது. 2017-இல் ஏழைகளின் வீட்டுக் கூரைகளுக்கு வெள்ளைப் பூச்சு அடிக்கும் பணியையும் அதில் சேர்த்தது. தெலங்கானா அரசு 2023-இல் குளிர் கூரைக்கென்றே ஒரு கொள்கையை வெளியிட்டது.

வெள்ளைக்கும் ஆயுள் உண்டு. புழுதி படியும், மழை கரைக்கும். மறு பிப்ரவரியில் அளந்தபோது இரு தளங்களுக்கும் வேறுபாடு 5 டிகிரிதான் இருந்தது. ஆண்டுதோறும் பங்குனியில் மீண்டும் ஒருமுறை மாடி ஏற வேண்டும். பயன் மேல்மாடிக்கு மட்டுமே. கீழ்த்தளத்தில் இருப்பவர்களுக்கு ஒன்றும் தெரியாது. தகரக் கூரையில் சுண்ணாம்பு நிற்காது. அதற்கு வெள்ளைப் பெயிண்ட்தான்.

மாடியில் கை வைக்க வீட்டில் சம்மதிக்காவிட்டால், இரண்டு தட்டோடுகளை எடுத்துக்கொள்ளுங்கள். ஒன்றுக்கு மூன்று கை சுண்ணாம்பு அடித்துக் காயவிடுங்கள். இரண்டையும் தெர்மோகோல் பலகைமேல் வைத்து, ஒவ்வொன்றின் அடியிலும் ஒரு சாராய வெப்பமானியின் குமிழைச் செருகி, காலை எட்டு மணி முதல் இரவு எட்டு மணி வரை மணிக்கொருமுறை குறித்து வரைபடம் போடுங்கள். (மருத்துவர் பயன்படுத்தும் வெப்பமானி வேண்டாம், 42 டிகிரியைத் தாண்டினால் அது உடைந்துவிடும்.) வரைபடத்தைக் காட்டிய பிறகு வீட்டில் மறுபடியும் கேட்டுப் பாருங்கள்.

மாடி நீரைத் தொட்டியில் சேமிக்கும் வீடாக இருந்தால் ஒன்று நினைவிருக்கட்டும். சுண்ணாம்பு அடித்தபின் வரும் முதல் இரண்டு மழையின் நீர் வெளுப்பாக இறங்கும். அதைத் தொட்டியில் விடாமல் குழாயைத் தோட்டத்துப் பக்கம் திருப்பிவிடுங்கள்.