கட்டிலிலிருந்து வாசல்வரை

விபத்தில் சிக்கிய ஒருவரைக் காப்பாற்ற முதல் நாளில் ஊரே ஓடி வருகிறது. ஆறு மாதங்களுக்குப் பிறகு, கால்கள் அசையாத நிலையில் அதே மனிதர் கட்டிலில் படுத்திருக்கும்போது அருகில் இருப்பவர் பெரும்பாலும் ஒருவர்தாம். தாயாகவோ மனைவியாகவோ இருப்பார். அந்த ஆறாம் மாதத்தைப் பற்றியது இப்பாடம்.

கொங்கு மண்டலத்தின் தொழில்கள் உடலுழைப்பை நம்பியவை. பொள்ளாச்சி, உடுமலைப் பகுதிகளின் தென்னந்தோப்புகள், ஆழமான பாசனக் கிணறுகள், கோவையின் பஞ்சாலைகள், வார்ப்பட ஆலைகள், பல்லடம், சோமனூர் வட்டாரத்து விசைத்தறிகள் ஆகிய எல்லாவற்றிலும் உழைப்போடு ஆபத்தும் உடன் வருகிறது. மரத்திலிருந்தும் கிணற்றிலும் விழுவோருக்கு முதுகெலும்பு முறிகிறது. எந்திரங்களில் கை சிக்குகிறது. நெடுஞ்சாலைகளில் கால் நசுங்குகிறது.

காலைக் காப்பதா, நீக்குவதா?

மயக்கவியல் மருத்துவர் ஜே.ஜி. சண்முகநாதனும் அவர்தம் துணைவியார் கனகவல்லியும் 1978ஆம் ஆண்டு கோவையில் கங்கா மருத்துவமனையைத் தொடங்கினர். அவர்களின் மக்களான எலும்பியல் மருத்துவர் இராஜசேகரனும் ஒட்டறுவை மருத்துவர் இராஜ சபாபதியும் அதனைக் காய மருத்துவத்தில் உலகறிந்த நிறுவனமாக வளர்த்தனர். எலும்பு முறிந்து, சதை கிழிந்து, காயம் திறந்த நிலையில் வரும் காலைக் காப்பாற்ற முயல்வதா, நீக்கிவிடுவதா என்பது அங்கு அடிக்கடி எழுந்த வினா. தவறாகக் காப்பாற்ற முயன்றால் பல அறுவைகளுக்குப் பின்னும் கால் பயன்படாமல் போகலாம். அவசரப்பட்டு நீக்கினால் பிழைக்கக்கூடிய கால் வீணாகும்.

இவ்வினாவுக்கு அவர்கள் ஒரு மதிப்பெண் முறையை வகுத்தனர். கணுக்காலுக்கும் முழங்காலுக்கும் இடைப்பட்ட 109 திறந்த முறிவுகளை ஆராய்ந்து 2006இல் அதனை வெளியிட்டனர். தோல், எலும்பு, தசையும் நரம்பும் ஆகிய மூன்றுக்கும் சேதத்தின் அளவுக்கேற்ப 1 முதல் 5 வரை மதிப்பெண் தரப்படும். முதுமை, நீரிழிவு போன்ற நோயாளியின் நிலைகள் ஒவ்வொன்றுக்கும் மேலும் 2 சேரும். கூட்டுத்தொகை 14 அல்லது அதற்குக் குறைவெனில் காலைக் காக்கலாம்; 17க்கு மேற்பட்டாலோ 17ஆக இருந்தாலோ நீக்குவதே நல்லது. 15, 16 என்னும் இரு எண்களுக்கு விடை இல்லை. மருத்துவரின் பட்டறிவே அங்கு முடிவு செய்யும். எண்களால் அளக்கமுடியாத இடத்தை மறைக்காமல் திறந்து வைத்ததே இம்முறையின் நேர்மை எனத் தோன்றுகிறது.

ஆயினும் எந்த மதிப்பெண்ணும் மருத்துவமனையின் வாசலோடு நின்றுவிடுகிறது.

உணராத உடல்

முதுகெலும்பின் உள்ளே செல்லும் தண்டுவடம் முற்றிலும் சிதைந்தால் அது மீண்டும் வளர்ந்து இணைவதில்லை. காயத்திற்குக் கீழுள்ள உடல் அசைவை மட்டுமன்றி உணர்வையும் இழக்கிறது. ஒரே பக்கமாக நெடுநேரம் படுத்திருந்தால் நமக்கு வலிக்கும், புரண்டு படுப்போம். வலியே தெரியாதவர் புரளமாட்டார்; தோல் அழுகிப் படுக்கைப்புண் உண்டாகும். எனவே படுக்கையில் இருப்பவரை இரண்டு மணி நேரத்திற்கு ஒருமுறை, இரவிலும், திருப்பிப் படுக்கவைக்க வேண்டும். சிறுநீரை உரிய இடைவெளியில் வெளியேற்றாவிடில் சிறுநீரகம் கெடும். உயிரைப் பறிப்பவை பெரும்பாலும் முதல் காயம் அன்று. கவனிக்கப்படாத இச்சிறு காரியங்களே.

இந்த உண்மையைத் தம் உடலாலேயே அறிந்தவர் மருத்துவர் மேரி வர்கீஸ். வேலூர் கிறித்தவ மருத்துவக் கல்லூரியில் பணியாற்றிய அவர், 1954இல் நேர்ந்த வாகன விபத்தில் இரு கால்களின் இயக்கத்தையும் இழந்தார். சக்கர நாற்காலியில் அமர்ந்தவாறே தொழுநோயாளிகளின் கைகளுக்கு அறுவை மருத்துவம் செய்தார். பின்னர் அயல்நாடு சென்று மறுவாழ்வு மருத்துவம் பயின்று திரும்பினார். 1966இல் அவர் முயற்சியால் வேலூரில் மறுவாழ்வு நிலையம் திறக்கப்பட்டது. நோயாளியோடு குடும்பத்தாரும் அங்கு தங்கிப் பராமரிப்பைக் கற்றுக்கொள்கின்றனர். வீடு திரும்பியவர்கள் ஆண்டுதோறும் மறுவாழ்வு விழாவில் கூடுகின்றனர். உடல்நலம் பரிசோதிக்கப்படுகிறது, விளையாட்டுகளும் நடைபெறுகின்றன.

தென்காசியை அடுத்த ஆய்க்குடியிலும் இத்தகைய வரலாறு உண்டு. கடற்படைத் தேர்வின்போது 1975இல் கழுத்தில் அடிபட்டுக் கைகால் செயலிழந்த பொறியியல் மாணவர் இராமகிருஷ்ணன், 1981இல் அங்கு அமர் சேவா சங்கத்தைத் தோற்றுவித்தார். தமக்கு மருத்துவம் பார்த்த விமானப்படை மருத்துவர் அமர்ஜித் சிங் சாஹலின் பெயரையே அதற்கு இட்டார். தசைச் சிதைவு நோயுற்ற பட்டயக் கணக்கர் சங்கரராமன் பின்னர் அவருடன் இணைந்தார். உதவி பெறவேண்டியவர்கள் எனக் கருதப்பட்டவர்களே உதவும் நிறுவனத்தைக் கட்டினார்கள்.

ஊரின் பங்கு

அரசின் கரங்களும் இப்போது நீண்டுள்ளன. 2021 டிசம்பரில் தொடங்கப்பட்ட 'இன்னுயிர் காப்போம்' திட்டம் சாலை விபத்தில் சிக்கியோரின் முதல் 48 மணி நேர மருத்துவச் செலவை ஏற்கிறது. அதே ஆண்டு ஆகஸ்டில் தொடங்கிய 'மக்களைத் தேடி மருத்துவம்' இயன்முறை மருத்துவரை வீட்டுக்கே அனுப்புகிறது.

இவற்றுக்கு முன்னும் பின்னும் அண்டை வீட்டாரின் கைகளே இருக்கின்றன. மரத்திலிருந்து விழுந்தவரைக் கையையும் காலையும் பிடித்துத் தூக்கி வண்டியில் மடக்கி உட்காரவைக்கும் வழக்கம் இன்னும் மறையவில்லை. முறிந்த எலும்பு அவ்வேளையில் தண்டுவடத்தை மேலும் சிதைத்துவிடக்கூடும். கழுத்தும் முதுகும் அசையாமல் கிடத்தி, 108 ஊர்தி வரும்வரை காத்திருப்பதே அவருக்குச் செய்யும் பேருதவி.

பின்பு வீடு. வாசலிலிருந்து திண்ணைக்கு இரண்டு படி, நடையில் ஒரு நிலைப்படி, புழக்கடையில் குளியலறை என அமைந்த வீட்டில் சக்கர நாற்காலி நுழைவதில்லை. ஆகவே மருத்துவமனை மீட்டுத்தந்தவர் உள்ளறையிலேயே முடங்குகிறார். பஞ்சாயத்துக் கூட்டமும் கோயில் நோன்பும் அவருக்குத் தொலைவாகின்றன. சாய்தளத்திற்குரிய அளவு ஒன்றுக்குப் பன்னிரண்டு. ஓரடி உயரத்தை ஏறப் பன்னிரண்டு அடி நீளம் வேண்டும். கதிரும் கடலையும் காயவைக்கும் அகன்ற வாசல்களைக் கொண்ட கொங்கு வீடுகளில் அந்த நீளத்திற்குக் குறைவில்லை. கொஞ்சம் செங்கல், சிமெண்ட், இரண்டு கொத்தனார்கள், ஓரிரு நாள் வேலை.