கதவுக்கு அப்பால் இருப்பது திருடன்தானா?

"கேஜிஎஃப்பா? அப்போ வீட்டுக்கு வீடு துப்பாக்கி இருக்குமே!" 2018 டிசம்பரில் 'கேஜிஎஃப்' படம் வந்ததிலிருந்து வெளியூரில் வேலை பார்க்கும் நம் கோலார் தங்கவயல் பிள்ளைகள் இந்தப் பேச்சைக் கேட்டுச் சலித்துப் போயிருக்கிறார்கள். படத்தில் வருவது ஒரு குடும்பம் ரகசியமாக ஆளும் அடிமைச் சுரங்கம். நிஜச் சுரங்கத்தை 1956இல் மைசூர் அரசு எடுத்துக்கொண்டது, 1972 முதல் மத்திய அரசின் பாரத் கோல்டு மைன்ஸ் நடத்தியது, 2001 பிப்ரவரி 28இல் மூடினார்கள். அங்கே சங்கம் வைத்து உரிமை கேட்ட தொழிலாளர்கள் வேலை செய்தார்கள். துப்பாக்கி என்றால் இந்த ஊருக்கு நினைவு வர வேண்டியது 1946 நவம்பர் 4. அன்று சுட்டது போலீஸ். செத்தவர்கள் நம் தொழிலாளர்கள்.

படத்தின் பொய்யால் ஊர்ப் பெயர்தான் கெடும். நம் வீடுகளுக்குள்ளேயே புழங்குகிற சில நம்பிக்கைகளால் உயிரே போகும். அவற்றைப் பற்றித்தான் இந்த வாரம்.

நம்பிக்கை: நடுராத்திரியில் கூரைமேல் சத்தம், கதவில் தட்டல் என்றால் வந்திருப்பது திருடன்.

இந்த ஊரில் ராத்திரிச் சத்தத்துக்குக் காரணங்கள் ஏராளம். வெயிலில் காய்ந்த தகரக் கூரை இரவுக் குளிரில் சுருங்கும்போது யாரோ நடப்பதுபோலவே படபடக்கும். பூனை, பெருச்சாளி, குரங்கு எல்லாம் அதே கூரைமேல்தான் ஓடுகின்றன. இதற்கெல்லாம் மேலாக நமக்கென்றே ஒரு சத்தம் உண்டு. மூன்று கிலோமீட்டருக்கும் மேல் ஆழம் போன சாம்பியன் ரீஃப் சுரங்கத்தில் பாறை வெடித்தால் மேலே தொழிலாளர் லைன் வீட்டில் பாத்திரம் உருளும், கதவு ஆடும். ராக்பர்ஸ்ட் என்று சொன்னால் இங்கே பெரியவர்களுக்கு விளக்கம் தேவையில்லை. சுரங்கம் மூடி, உள்ளே தண்ணீர் ஏற ஏற, அதன் பிறகும் நிலம் அதிர்ந்திருக்கிறது. தாழ்ப்பாள் தானாக ஆடிய இரவுகளை நம் அம்மாக்கள் பார்த்திருக்கிறார்கள்.

ஆனால் நான் அதிகம் பயப்படுவது இந்தச் சத்தங்களுக்காக அல்ல. சுரங்கம் போன பிறகு நம் ஊரே ரயிலில் ஏறி பெங்களூருக்கு வேலைக்குப் போகிறது. விடியுமுன் கிளம்பி, ஊர் அடங்கிய பிறகு திரும்புகிறவர்கள் ஆயிரக்கணக்கில் இருக்கிறார்கள். ராத்திரி பதினொன்றரைக்குப் பின்கதவை மெல்லத் தள்ளுகிற உருவம் யார்? தூங்குகிறவர்களை எழுப்பக் கூடாதே என்று செருப்பைக் கையில் எடுத்துக்கொண்டு வருகிற மகனாக இருக்கலாம், ஷிஃப்ட் முடித்த மருமகளாக இருக்கலாம். வீட்டுக்காரர் கையில் அந்நேரம் அரிவாளோ துப்பாக்கியோ இருந்தால் என்ன ஆகும் என்று யோசித்துப் பாருங்கள்.

நம்பிக்கை: என் வீட்டு ஆள் யார் என்று எனக்குத் தெரியாதா?

தெரியாது. பயந்த கண்ணுக்கு இருட்டில் எதிர்பார்த்ததுதான் தெரியும். 1958இல் ஒரிசாவில், கைவிடப்பட்ட விமானத்தளம் ஒன்றின் பக்கத்தில், ராத்திரியில் மினுங்கிய வெளிச்சத்தைப் பேய் என்று நம்பி ஒருவர் குக்ரிக் கத்தியோடு பாய்ந்தார். அங்கே இருந்தவர்கள் லாந்தர் வைத்துக்கொண்டு இலுப்பைப் பூ பொறுக்க வந்த ஆதிவாசிப் பெண்கள். ஒருவர் இறந்தார், மற்றவர்கள் காயம்பட்டார்கள். அவர் உண்மையாகவே பேய் என்று நம்பினார் என்பதால் செஷன்ஸ் நீதிமன்றம் அவரை விடுதலை செய்தது, ஒரிசா உயர் நீதிமன்றமும் அதை உறுதி செய்தது. பூ பொறுக்கப் போன அந்தப் பெண்ணுக்கு எந்தத் தீர்ப்பும் உயிர் தரவில்லை.

தென்னாப்பிரிக்க ஓட்டப்பந்தய வீரர் ஆஸ்கர் பிஸ்டோரியஸ் 2013 பிப்ரவரி 14 அதிகாலையில் பூட்டிய கழிவறைக் கதவின் வழியாக நான்கு முறை சுட்டார். உள்ளே இருந்தவர் அவருடைய காதலி ரீவா ஸ்டீன்காம்ப். திருடன் என்று நினைத்தேன், அவள் படுக்கையில் இருப்பதாக நம்பினேன் என்பதே அவர் வாதம். மேல்முறையீட்டு நீதிமன்றம் 2015இல் அதைக் கொலை என்றே தீர்மானித்தது. உள்ளே இருப்பது யாராக இருந்தாலும், அவ்வளவு சின்ன அறைக்குள் நான்கு குண்டு பாய்ந்தால் ஆள் சாகலாம் என்பது சுடுகிறவருக்குத் தெரியும் என்றது. 2017இல் தண்டனை 13 ஆண்டு 5 மாதமாக உயர்ந்தது.

நம்பிக்கை: ராத்திரி வீட்டுக்குள் வந்தவனைச் சுட்டால் கேஸே கிடையாது.

பாதி உண்மை, அதனாலேயே ஆபத்து. குற்றவியல் சட்டமான பாரதிய நியாய சன்ஹிதாவின் 41ஆம் பிரிவு, சூரியன் மறைந்த பிறகு வீட்டை உடைத்து நுழைபவரிடமிருந்து உடைமையைக் காக்கும் உரிமை உயிரைப் பறிக்கும் வரைகூடப் போகலாம் என்கிறது. ஆனால் 37ஆம் பிரிவு அதற்குக் கடிவாளம் போடுகிறது. தேவைக்கு மேல் தீங்கு செய்யக் கூடாது. போலீஸை அழைக்க நேரம் இருந்தால் அந்த உரிமையே இல்லை. முற்றத்தில் நிற்கிறவர் வீட்டை உடைத்தவர் ஆகமாட்டார். தற்காப்புக்குத்தான் செய்தேன் என்று கோர்ட்டில் காட்ட வேண்டிய பொறுப்பும் செய்தவர் தலையில்தான் விழும்.

குடகில் வீட்டுக்கு வீடு துப்பாக்கி இருக்கிறதே என்பார்கள். அது கொடவர்களுக்கும் அங்குள்ள ஜம்மா நிலம் வைத்திருப்பவர்களுக்கும் துப்பாக்கி லைசென்ஸிலிருந்து மத்திய அரசு தந்த தனி விலக்கு. கோலார் மாவட்டத்துக்கு அது பொருந்தாது.

நம்பிக்கை: முதலில் வானத்தைப் பார்த்துச் சுட்டு மிரட்டலாம்.

மேலே போன குண்டு கீழேதான் வரும். ஒட்டி ஒட்டி இருக்கிற லைன் வீடுகளில் அது அடுத்த வீட்டுத் தகரத்தைத் துளைத்து, கீழே தூங்குகிற குழந்தைமேல் விழக்கூடும். சுவரைப் பார்த்துச் சுட்டாலும் இதே கதைதான்.

தெருவில் கூட்டமாகக் கிளம்புவது இன்னும் மோசம். 2018 கோடையில் பிள்ளை பிடிக்கிறவர்கள் வந்திருக்கிறார்கள் என்று வாட்ஸ்அப்பில் பரவிய புரளியால் குடியாத்தம் பக்கம் ஒருவரையும், பெங்களூரு சாமராஜ்பேட்டையில் ஒருவரையும் அடித்தே கொன்றார்கள். நமக்கு அந்தப் பக்கம் ஓர் ஊர், இந்தப் பக்கம் ஓர் ஊர். இரண்டிலும் செத்தவர்கள் வெளியூர்க்காரர்கள். நம் பிள்ளைகளும் தினம் வெளியூரில்தான் நிற்கிறார்கள்.

சத்தம் கேட்டால் முதலில் வீட்டில் இருப்பவர்களை எண்ணுங்கள். யார் வர வேண்டியிருக்கிறது என்று கேளுங்கள். எல்லோரும் ஒரே அறைக்குள் வந்து தாழ்ப்பாள் போடுங்கள். வெளிவிளக்கைப் போட்டு, "யாரு?" என்று உரக்கக் கேளுங்கள். திருட வந்தவர்களில் பலர் வெளிச்சமும் குரலும் வந்தாலே ஓடிவிடுவார்கள். வீட்டு ஆளாக இருந்தால் பதில் வரும். பதில் வராவிட்டால் உள்ளே இருந்தபடியே 112ஐ அழையுங்கள். தேடிக்கொண்டு வெளியே போகாதீர்கள்.

யானைக்கும் பன்றிக்கும் பயந்து லைசென்ஸ் துப்பாக்கி வைத்திருக்கும் காமசமுத்திரம் பக்கத்து விவசாயிகளுக்கும், ஓய்வு பெற்ற ராணுவத்தினருக்கும் ஒரு வேண்டுகோள். துப்பாக்கியைத் தனியே பூட்டுங்கள், தோட்டாவைத் தனியே பூட்டுங்கள், தலையணைக்கடியில் வைக்காதீர்கள். காலி என்று நினைக்கிற துப்பாக்கியையும் நிரப்பியது போலவே பிடியுங்கள். சுடப்போவது எதை, அதன் பின்னால் என்ன இருக்கிறது என்று கண்ணால் பார்க்காமல் விரல் விசைக்குப் போகவே கூடாது.

கடைசி ரயிலில் வருகிறவர்கள் பங்காருபேட்டை தாண்டியதும் வீட்டுக்கு ஒரு போன் போடுங்கள்.