வால்வு போச்சா, ஜாக் போச்சா?

“சத்தம் கம்மியா வருதா? வால்வு போயிடுச்சு. அது இப்ப எங்கேயும் கிடைக்காது. டிரான்சிஸ்டர் போர்டு போட்டுக்கலாம்.” வால்வு ஆம்ப்ளிஃபயர் ஒன்று முனக ஆரம்பித்தால் திருவண்ணாமலையில் காதில் விழும் தீர்ப்பு இது. பெட்டியைத் திறப்பதற்கு முன்பே சொல்லப்படும் தீர்ப்பு. மைக் செட் கடைப் பரணில் கிடக்கும் பழைய ஆம்புக்கும் இதே பதில். ரமணாசிரமத்தை ஒட்டிய செங்கம் சாலையில் தங்குகிறவர்கள் கிடாரோடு கொண்டுவரும் ஆம்புக்கும் இதே பதில். நல்ல அவுட்புட் டிரான்ஸ்பார்மர்கள் இப்படித்தான் பழைய செம்பு விலைக்குத் தராசில் ஏறுகின்றன.

வால்வு கண்ணுக்குத் தெரிகிறது, கையால் பிடுங்க வருகிறது. பழி அதன் மேல் விழ அது போதும். முதலில் பார்க்க வேண்டியதோ கேபிளும் ஜாக்கும். ஆம்பின் பின்புறம் சென்ட், ரிட்டர்ன் என்று இரண்டு துளைகள் இருந்தால், ஒரு சிறு கேபிளால் இரண்டையும் இணைத்துப் பாருங்கள். செத்த சத்தம் உயிர் பெற்றால் வால்வுக்கும் இதற்கும் சம்பந்தமே இல்லை. ரிட்டர்ன் ஜாக்குக்குள் இருக்கும் சின்னத் தகடு கறுத்துப் போய், தொட வேண்டிய இடத்தில் தொடாமல் நிற்கிறது. கான்டாக்ட் கிளீனர் அடித்து, பின்னைப் பத்து முறை செருகி எடுத்தால் தீர்ந்தது. இதற்கா நான்கு வால்வு மாற்றுவது?

அதிலும் சரியாகவில்லையா, மீட்டரை எடுக்க வேண்டும். கிடார் ஆம்புகளில் முதலில் வரும் இசிசி 83 வால்வை (12 ஏஎக்ஸ் 7 என்பதும் இதுவே) எடுத்துக்கொள்வோம். 300 வோல்ட் சப்ளை, 1 லட்சம் ஓம் பிளேட் ரெசிஸ்டர். வால்வு ஒழுங்காக வேலை செய்தால் சுமார் 1 மில்லி ஆம்பியர் ஓடும். ரெசிஸ்டரில் 100 வோல்ட் இறங்கி, பிளேட்டில் 200 காட்டும். 300 அப்படியே நின்றால் கரன்ட் ஓடவில்லை: வால்வு செத்திருக்கலாம், கேத்தோடு ரெசிஸ்டர் அறுந்திருக்கலாம், பேஸில் பின் தொடாமல் இருக்கலாம். பூஜ்யம் காட்டினால் பெரும்பாலும் பிளேட் ரெசிஸ்டரே அறுந்துவிட்டது. 200 சரியாக இருந்தும் சத்தம் பாதிதான் என்றால், கேத்தோடில் இருக்கும் 25 மைக்ரோ ஃபாரட் கண்டென்சரைப் பார்க்க வேண்டும். அது உலர்ந்துபோனால் அந்தக் கட்டத்தின் பெருக்கம் ஏறக்குறையப் பாதியாகிவிடும். சில ரூபாய் சாமான். இதைச் செய்யப் பழகியவர் மட்டும் செய்யட்டும். உள்ளே 300 முதல் 450 வோல்ட் வரை இருக்கும், பிளக்கைப் பிடுங்கிய பிறகும் கண்டென்சரில் தங்கியிருக்கும்.

கரன்ட்டே காரணமாகவும் இருக்கும். தீபத் திருநாள் போல ஊர் முழுக்க சீரியல் செட் எரியும் இரவில் 230 வோல்ட் 190க்கு இறங்கினால், 6.3 வோல்ட்டில் சூடாக வேண்டிய ஹீட்டருக்கு 5.2 தான் கிடைக்கும். ஆம்ப் சோர்ந்துதான் பாடும். மறுநாள் காலை தானாகச் சரியாகிவிடும் ஆம்புக்கு முதல் நாள் இரவே புது வால்வு போடுகிறார்கள்.

“வால்வு கிடைக்காது” என்பதும் பொய். பெங்களூர் பாரத் எலெக்ட்ரானிக்ஸ் 1961இல் ரேடியோ வால்வு தயாரிக்கத் தொடங்கி, அந்தத் தயாரிப்பை நிறுத்திப் பல காலமாயிற்று. அதுவரை உண்மை. ஆனால் ஸ்லோவாக்கியாவிலும் ரஷ்யாவிலும் சீனாவிலும் இன்றும் தயாராகின்றன. 2022 மார்ச்சில் ரஷ்ய வால்வு வரத்து நின்றுபோகும் என்று உலகமே பதறியது. பிறகு வரத்து தொடர்ந்தது.

வால்வு சாகவே சாகாதா? சாகும். கண்ணாடியின் உச்சியில் இருக்கும் வெள்ளி முலாம் பால்போல வெளுத்தால் காற்று புகுந்துவிட்டது, தூக்கிப் போட வேண்டியதுதான். அவுட்புட் வால்வின் பிளேட் சிவந்து எரிந்தால் உடனே அணைக்க வேண்டும். மற்றபடி, வால்வு எரிகிறது என்பதாலேயே நல்ல வால்வு ஆகிவிடாது. ஹீட்டர் எரிகிறது, அவ்வளவுதான். கண்ணாடியின் உட்புறம் நீலமாக ஒளிர்ந்தால் பயப்படத் தேவையில்லை. 120 வோல்ட் அமெரிக்க ஆம்பை ஸ்டெப்-டவுன் இல்லாமல் நம் பிளக்கில் செருகி ஃபியூஸ் போனால், அங்கே கம்பியைச் சுற்றிப் போடுவதுதான் பெரிய பாவம்.

இன்னொரு பழக்கத்தை அடியோடு விட வேண்டும்: ஸ்பீக்கர் ஒயரைக் கழற்றிவிட்டு ஆம்பை ஓட்டிப் பார்ப்பது. டிரான்சிஸ்டர் ஆம்ப் தாங்கும். வால்வு ஆம்பில் அவுட்புட் டிரான்ஸ்பார்மருக்குள் வோல்டேஜ் எகிறி, இன்சுலேஷனைத் துளைத்துவிடும். இல்லாத பழுதைத் தேடப் போய் உண்மையான பழுதை வாங்கிக்கொள்வது இது.

சத்தத்தை விடப் பெரிய விஷயம் எர்த். ஹம் வருகிறது என்று பிளக்கின் தடித்த பின்னை உடைத்துப் போடும் வழக்கம் கல்யாண மண்டப மேடைகளில் இன்னும் இருக்கிறது. கிடார்க் கம்பி, ஆம்பின் சேசிஸோடு இணைந்தது. கை கம்பியில், உதடு மைக்கில்; இரண்டில் ஒன்றில் எர்த் இல்லாவிட்டால் நடுவில் இருப்பது மனித உடல். ‘ஸ்டோன் த க்ரோஸ்’ குழுவின் கிடார் கலைஞர் லெஸ் ஹார்வி, 1972 மே மாதம் வேல்ஸின் ஸ்வான்சீ மேடையில், எர்த் இல்லாத மைக்கைத் தொட்டுத்தான் இறந்தார். மேடை ஏறும் முன் எலெக்ட்ரீஷியனைக் கூப்பிட்டு, ஃபேஸுக்கும் எர்த்துக்கும் இடையே டெஸ்ட் லேம்ப் போடச் சொல்லுங்கள். பல்பு மங்கலாக எரிந்தாலோ எரியாமலே இருந்தாலோ, அந்த பிளக்கில் எதையும் செருக வேண்டாம்.