முறுக்கு அக்காவின் தழும்பு

மும்பையில் தாராவி என்று ஓர் இடம் உண்டு. திருநெல்வேலிப் பக்கத்திலிருந்து போன தமிழர்கள் அங்கே பல தலைமுறையாக வாழ்கிறார்கள். இட்லி, முறுக்கு செய்து விற்பது அங்கே பலருக்குத் தொழில். அப்படி ஒரு சந்தில் இருக்கிறார் நம் அக்கா. எல்லோரும் அவரை முறுக்கு அக்கா என்றே கூப்பிடுவார்கள்.

ஒரு நாள் எண்ணெய்ச் சட்டி சரிந்தது. கொதிக்கும் எண்ணெய் வலது கையில் கொட்டியது. முழங்கை மடிப்பு முதல் மணிக்கட்டு வரை வெந்துவிட்டது.

பக்கத்து வீட்டு அம்மா பற்பசையோடு ஓடி வந்தார். மகள் தடுத்துவிட்டாள். குழாயடியில் கையை நீட்டச் சொல்லி 20 நிமிடம் தண்ணீர் விட்டாள். பிறகு ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப் போனாள். மகள் செய்ததுதான் சரி. பற்பசை, மை, மாவு எதையும் தீப்புண்ணில் போடக் கூடாது.

புண் ஆற 5 வாரம் ஆனது. கவலை தீர்ந்தது என்று அக்கா நினைத்தார். தீரவில்லை. தீப்புண் ஆற 3 வாரத்துக்கு மேல் ஆனால், தடித்த தழும்பு வரும் வாய்ப்பு அதிகம். அக்காவுக்கும் அப்படித்தான் ஆனது. ஆறிய இடம் சிவந்தது. கயிறு போல மேடு தட்டியது. இரவெல்லாம் அரித்தது. முழங்கை முழுதாக நீளவில்லை. முறுக்கு உரலை அழுத்த முடியவில்லை. உரல் ஓடாவிட்டால் வீட்டுக்கு வருமானம் ஏது?

“இதை அறுத்து எடுத்துவிடுங்கள் டாக்டர்” என்றார் அக்கா. டாக்டர் இந்தியில் பதில் சொன்னார். மகள் அதைத் தமிழில் சொன்னாள்.

“அம்மா, அறுத்தால் அதுவும் ஒரு புண்தானாம். அதற்கும் தழும்பு வருமாம். உன் தழும்பு இன்னும் புதிதாம். தழும்பு முதிர ஒரு வருடம், இரண்டு வருடம் ஆகுமாம். இப்போது கத்தி வேண்டாமாம். முதலில் இதை ஒட்டிப் பார்க்கச் சொல்கிறார்.”

டாக்டர் காட்டியது ஒரு மெல்லிய துண்டு. ரப்பர் போல மெத்தென்று இருந்தது. ஒரு பக்கம் லேசாக ஒட்டியது. அதன் பெயர் சிலிக்கோன் ஷீட்.

சிலிக்கோன் நமக்குப் புதிதல்ல. சில குக்கர்களின் மூடி வளையம்கூட சிலிக்கோன்தான். அதற்காகக் குக்கர் வளையத்தைத் தழும்பில் கட்டிவிடாதீர்கள்! மருத்துவத்துக்கான துண்டு வேறு. 1980களின் தொடக்கத்தில் ஆஸ்திரேலியாவில் தீக்காயத் தழும்புக்கு இதைப் பயன்படுத்திப் பார்த்தார்கள். பிறகு பல நாடுகளுக்கும் பரவியது.

இதில் மருந்து ஏதும் இல்லை. இது தோலுக்குள் போவதும் இல்லை. பிறகு எப்படி வேலை செய்கிறது? புதுத் தழும்பிலிருந்து ஈரம் வேகமாக வெளியேறும். அதனால் புண் இன்னும் ஆறவில்லை என்பது போல, உடல் உள்ளே நார்களைச் சேர்த்துக்கொண்டே போகும். மேடு தட்டும். துண்டை ஒட்டினால் ஈரம் உள்ளே தங்கும். நார் சேர்வது குறையும். மருத்துவர்கள் இப்படித்தான் கருதுகிறார்கள்.

ஒட்டும் முறையை சிஸ்டர் சொல்லிக் கொடுத்தார்.

“புண் முழுதாக மூடியிருக்க வேண்டும். நீர் வடியும் இடத்தில் ஒட்டக் கூடாது. தழும்பைக் கழுவித் துடைத்துவிட்டு ஒட்டுங்கள். அடியில் எண்ணெய் தடவாதீர்கள். முதல் இரண்டு நாள் 4 மணி நேரம் போதும். பிறகு கூட்டிக்கொண்டே போங்கள். ஒரு நாளைக்குக் குறைந்தது 12 மணி நேரமாவது இருக்க வேண்டும்.”

“அடுப்படியில் வியர்த்துக் கொட்டுமே சிஸ்டர்?”

“அப்படியானால் இரவில் ஒட்டுங்கள். மாலை 7 மணி முதல் காலை 7 மணி வரை. கணக்குச் சரியாகிவிடும்.”

அக்கா அதை நோட்டில் எழுதிக்கொண்டார். ஒட்டிய நேரம், எடுத்த நேரம் இரண்டையும் தினமும் எழுதினார். விலை கொஞ்சம் அதிகம்தான். ஆனால் ஒரு துண்டைக் கழுவிக் கழுவிப் பல நாள் பயன்படுத்தலாம். மகள் தழும்பின் அளவுக்கு வெட்டிக் கொடுத்தாள். தினமும் சோப்பு நீரில் கழுவி, காற்றில் உலர்த்தினாள். ஒட்டும் தன்மை போனதும் மாற்றினாள்.

மழைக்காலப் புழுக்கத்தில் ஒரு முறை வேர்க்குரு போலப் பொரிந்தது. சிஸ்டரைக் கேட்டார்கள். இரண்டு நாள் விட்டுவிட்டு, மறுபடி ஒட்டச் சொன்னார்.

முகத்திலோ விரல் மூட்டிலோ துண்டு நிற்காது. அங்கே சிலிக்கோன் ஜெல் தடவலாம். ஒரு நாளைக்கு இரண்டு முறை, மெல்லிசாகத் தடவி உலர விட வேண்டும்.

ஆனால் துண்டு முழங்கையை நீட்டிவிடாது. அதற்குப் பயிற்சி வேண்டும். தினமும் பல முறை கையை மடக்கி நீட்ட வேண்டும். வலிக்கிறது என்று மடக்கியே வைத்தால் தோல் அப்படியே இறுகிவிடும். அக்காவுக்கு முதலில் இதுதான் கஷ்டமாக இருந்தது. மகள் பக்கத்தில் உட்கார்ந்து எண்ணினாள்.

சிலருக்குத் தழும்பு காயத்தின் எல்லையையும் தாண்டி வளரும். காது குத்திய இடத்தில் கட்டி போல வளருமே, அது இந்த வகை. அதை வெறுமனே அறுத்தால் பல நேரம் திரும்ப வரும். அதற்கு ஊசி மருந்தும் தேவைப்படலாம். தோல் மருத்துவரிடம் காட்டுங்கள்.

சிலிக்கோன் எல்லோருக்கும் ஒரே மாதிரி பலன் தராது. ஆராய்ச்சிகளின் சான்றும் அவ்வளவு உறுதியாக இல்லை. டாக்டர் இதை மறைக்கவில்லை. “3 மாதம் விடாமல் பார்ப்போம்” என்றுதான் சொன்னார்.

அக்கா 5 மாதம் ஒட்டினார். அரிப்பு நின்றது. மேடு பாதிக்கு மேல் தணிந்தது. கை நீண்டது. நிறம் மட்டும் மாறவில்லை. வெயிலில் போகும்போது முந்தானையால் கையை மூடிக்கொள்கிறார். வெயில் பட்டால் தழும்பு கறுக்கும்.

உரல் மறுபடி ஓடுகிறது. எண்ணெய்ச் சட்டிக்குக் கீழே இப்போது ஓர் இரும்பு வளையம் இருக்கிறது. சட்டி ஆடுவதில்லை.